சுவரில் மைல்ஸ் துரை

கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்,
14-12-1961

சிரஞ்சீவி அழகிரிக்கு அம்மாவின் ஆசிகள்.

நான் சுகமே. மழைக்காலத்தில் முழங்கால் வலிப்பது வழக்கம்தான். அதற்காகத் தைலம் அனுப்பாதே. போன தடவை அனுப்பியதையே நான் இன்னும் திறக்கவில்லை. மருமகள் கோமதியும் பேத்தி சந்திராவும் நலமா?

பரணில் கரையான் ஏறிவிட்டது. அப்பா சினிமாக் கொட்டகை நடத்திய காலத்துத் தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். பேசாத படம் ஓடும்போது பியானோவில் வாசிப்பதற்காகக் கல்கத்தாவிலிருந்து அச்சிட்டு வந்த இசைத்தாள்கள் அதில் இருந்தன. ஒரு பெட்டி நிறைய இருந்ததில் நான்கு தாள்கள்தான் பிழைத்தன. மற்றவை கையில் எடுத்ததும் மண்ணாக உதிர்ந்தன. நான்கையும் பெரிய கடைவீதிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னேன்.

சட்டம் போடுகிற பிச்சை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எந்தச் சாமிங்க இது?” என்றான்.

“சாமி இல்லப்பா. இது குதிரை, இது மழை, இது அழுகை, இது கல்யாணம்” என்றேன்.

“குதிரைன்னா ஹயக்ரீவருங்களா?”

மறுநாள் போனால் நான்கு கண்ணாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தயாராக நிற்கிறான். மூன்றைத் துடைத்தேன். குதிரைக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது நான்கும் கூடத்தில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கின்றன. வரும்போது நீயும் பார்.

எல்லோருக்கும் என் அன்பு.
அம்மா


சைதாப்பேட்டை, சென்னை,
28-1-1962

அன்பு மிகுந்த அம்மாவுக்கு அழகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல செய்தி. மருதை சித்தப்பா மருங்காபுரியிலிருந்து வந்திருந்தார். சந்திராவுக்கு ஒரு வரன் சொல்கிறார். ஜீயபுரம் ரெங்கராஜ் என்பவரின் மகன். வாழையும் நெல்லுமாக ஆற்றுப் பாசனத்தில் நல்ல நிலம். பையன் விவசாயப் படிப்பு முடித்து அரசாங்க வேலையில் இருக்கிறான். சந்திராவுக்குப் போட்டோ பிடித்துவிட்டது என்று கோமதி சொல்கிறாள். வைகாசியில் நம் ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே பெண் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

ஒரே ஒரு சிக்கல். சித்தப்பா இங்கே வருவதற்கு முன் உங்களைப் பார்த்தாராமே. சுவற்றில் நீங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, நீங்கள் கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். கான்வென்ட்டில் படித்த பெண் என்றபோதே நினைத்தேன் என்கிறார். மருங்காபுரி முழுக்க அதுதான் பேச்சாம். ஜீயபுரத்தார் ஆசாரமான மனிதர்கள். இது அவர்கள் காதுக்குப் போகக் கூடாது. கொட்டகைச் சமாசாரம் தெரிந்தால் அதைவிட மோசம். அப்பா நூல் வியாபாரம் செய்தார் என்றுதான் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் முடியும் வரை அவற்றைக் கழற்றி வையுங்கள். முடியாது என்றால், பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு என்றாவது சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
அழகிரி


ஸ்ரீரங்கம்,
4-2-1962

சிரஞ்சீவி அழகிரிக்கு ஆசிகள். முழங்கால் தேவலை.

முதலில் ஒரு திருத்தம். ‘சுவற்றில்’ என்று எழுதியிருக்கிறாய். சுவர் என்பது சுவரில் என்றுதான் ஆகும். செக்ரடேரியட்டில் இப்படித்தான் எழுதுகிறீர்களா?

வரன் செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். சந்திராவுக்குப் பிடித்திருந்தால் எனக்கும் பிடிக்கும். குழந்தைக்கு இது நல்லபடியாக அமைய வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் சித்தப்பா வந்தது இப்படி. செருப்பைக் கழற்றாமலே கூடத்து வாசற்படியில் நின்று சுவரையே பார்த்தார்.

“என்னங்க அண்ணி, அங்கங்க சிலுவை போட்டிருக்கு?”

“சிலுவை இல்லைங்க. சுரத்தை அரை இடம் ஏத்துன்னு அர்த்தம்.”

“ஒண்ணா ரெண்டா, வரிக்கு வரி இருக்கே. இரட்டைச் சிலுவையால்ல தெரியுது?”

“உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்.”

“என்கிட்ட மறைக்காதீங்க. எங்க அண்ணன் போனதுலேருந்து உங்களுக்கு மனசு சரியில்ல. சாமியாருங்க வந்து பேசியிருப்பாங்க.”

காப்பி கொடுத்தேன். வேதக்கார வீட்டுக் காப்பி என்று நினைத்தாலும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனார்.

கன்னியாஸ்திரீகள் எனக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் என் சாமியை மாற்றவில்லை. அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று பொய் சொல்லாமல் இருப்பது. அது பள்ளிக்கூடப் பரிசு இல்லை. சினிமாவுக்கு வாசித்தது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நான் கழற்றுவதாக இல்லை.

கோமதிக்கும் சந்திராவுக்கும் ஆசிகள்.
அம்மா


சைதாப்பேட்டை,
26-2-1962

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். இங்கு யாவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். சித்தப்பா மறுபடியும் எழுதியிருக்கிறார். அந்தத் தாள்களின் மூலையில் இங்கிலீஷில் ‘மைல்ஸ்’ என்று எழுதியிருக்கிறதாம். யார் அந்த மைல்ஸ் என்று கேட்கிறார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரியும். கொட்டகையில் பியானோ வாசித்த ஆங்கிலோ இந்தியர், சட்டைக்காரத் துரை. நோட்டீஸில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்திருக்கிறேன். டிக்கெட் அறைப் பெஞ்சில் தூங்கிப்போன என்னை ஆட்டம் முடிந்ததும் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வருவது அவர்தான் என்று அப்பா சொல்லுவார். முகம் ஞாபகமில்லை.

நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அம்மா, அப்பா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண்பிள்ளையின் கையெழுத்துத் தாள்களைச் சட்டம் போட்டு, அதில் ஒன்றுக்குக் குங்குமமும் வைத்து மாட்டியிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வேதம் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கே இப்போது தோன்றுகிறது.

சந்திராவின் கல்யாணம் இதனால் தவறிப் போனால் என்னால் தாங்க முடியாது. நீங்களும் தாங்க மாட்டீர்கள். யோசியுங்கள்.

அழகிரி


ஸ்ரீரங்கம்,
19-4-1962

அழகிரிக்கு.

உன் கடிதத்துக்கு ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்தது. கோபத்தில் எழுதினால் கையெழுத்து கோணலாகிவிடும்.

மைல்ஸ் என்று ஒரு துரை கிடையாது.

உன் அப்பா என்னை மயில் என்று கூப்பிடுவார். கொட்டகை தொடங்கியபோது பியானோ வாசிக்க வந்தவன் குடித்துவிட்டுப் பாதிப் படத்தில் தூங்கினான். இரண்டாம் வாரம் அவனை அனுப்பிவிட்டோம். மறுநாளிலிருந்து நான் வாசித்தேன். உன் தாத்தாவுக்குத் தெரிந்தால் கொட்டகைக்கே தீ வைத்திருப்பார். அதனால் நோட்டீஸ் அச்சடிக்கும்போது உன் அப்பா மயிலை மைல்ஸ் ஆக்கினார். மிஸ்டரும் சேர்த்தார். திரைக்குப் பின்னால் பியானோ. என் தலைக்கு மேல் ஓர் ஆணி. அதில் உன் அப்பாவின் தொப்பி. யாராவது ஓரமாக எட்டிப் பார்த்தால் தொப்பி தெரியும்.

திரையின் பின்பக்கத்திலிருந்துதான் எல்லாப் படமும் பார்த்தேன். எனக்கு எழுத்தெல்லாம் இடம் வலமாக ஓடும். பேசாத படம் ஓடிய அத்தனை வருஷமும் கதாநாயகர்கள் எல்லோரும் எனக்கு இடதுகைக்காரர்கள். குதிரை ஓடினால் குதிரைத் தாள். யாராவது செத்தால் அழுகைத் தாள். எதற்கு எது என்று உன் அப்பா நீலப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பார். மூலையில் ‘மைல்ஸ்’ என்று எழுதியதும் அவர்தான். நீ சொல்கிற இன்னொரு ஆண்பிள்ளையின் கையெழுத்து உன் அப்பாவுடையது.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து ஜனங்கள் கைதட்டினார்கள். துரையைக் காட்டு, துரையைக் காட்டு என்று கூச்சல். உன் அப்பா முன்னால் போய், “துரைக்கு வெட்கமுங்க, வர மாட்டேங்கிறார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெட்கப்படவில்லை, அழகிரி. இருட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

படம் பேச ஆரம்பித்தது. பியானோவை விற்றோம். மைல்ஸ் துரை ஊருக்குப் போய்விட்டார் என்று உன் அப்பா சொன்னார். நீயும் நம்பினாய்.

டிக்கெட் அறையிலிருந்து உன்னை யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று இப்போது யோசித்துப் பார்.

ஜீயபுரத்தார் வரட்டும். வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் செய்து மரியாதையாக உட்கார வைக்கிறேன். தாள்கள் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அம்மா


சைதாப்பேட்டை,
5-5-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். கோமதியையும் சந்திராவையும் முன்னதாகவே அனுப்புகிறேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா கூட இருப்பார். உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்.

அழகிரி


ஸ்ரீரங்கம்,
21-5-1962

சிரஞ்சீவி அழகிரிக்கு ஆசிகள். கோமதியும் சந்திராவும் சுகமாக இருக்கிறார்கள். வெயில் கடுமை. ஆற்றில் மணல்தான் தெரிகிறது.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் சித்தப்பா வேறு மாதிரி எழுதுவார்.

இரண்டு நாள் முன்னதாகவே எதிர்வீட்டு ஐயங்கார் மாமியிடம் பஜனை ஹார்மோனியத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். “பேஷா எடுத்துண்டு போங்கோ. என்ன, பஜனையா?” என்றாள். “குதிரை ஓட்டணும்” என்றேன். பாவம், விழித்தாள்.

ரெங்கராஜ், அவர் மனைவி, ரெங்கராஜின் அக்கா வேலம்மாள், பையன், நான்கு பேரும் வந்தார்கள். உன் சித்தப்பா காலையிலேயே வந்து நான்கு சட்டங்களின் மேலும் ஒரு ஜமுக்காளத்தை மாட்டிவிட்டார். நான் கழற்றினேன். அவர் மாட்டினார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது ஜமுக்காளம் என் கையில் இருந்தது. அதையே விரித்து வந்தவர்களை உட்காரச் சொன்னேன்.

சந்திரா வந்து நமஸ்காரம் செய்தாள். எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று. வேலம்மாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது என்னங்க, கோயில் பாட்டா, சர்ச்சுப் பாட்டா?”

உன் சித்தப்பா குறுக்கே விழுந்தார். “பள்ளிக்கூடத்துல குடுத்த பரிசுங்க!”

“இல்லைங்க” என்றேன். “என் வீட்டுக்காரர் சினிமாக் கொட்டகை வச்சிருந்தார். படத்துக்கு வாசிச்ச பாட்டு இது.”

“கொட்டகையா? நூல் யாவாரம்னுல்ல மருதை சொன்னாரு?”

“நூல் அப்புறம். முதல்ல கொட்டகைதான்.”

நான் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து குதிரையை வாசித்தேன். ஒரு கை துருத்திக்குப் போய்விட்டதால் மிச்சம் ஒரு கைதான். இரண்டு கையால் ஓட வேண்டிய குதிரை நொண்டியது. இரண்டாவது வரியில் ரெங்கராஜ் தொடையில் தட்ட ஆரம்பித்தார். நான் விட்ட இடத்திலெல்லாம் அவருடைய தட்டு சரியாக விழுந்தது.

“அட, குதிரைங்க இது! கண்டோன்மென்ட் கொட்டகை! சைக்கிள்ள டபுள்ஸ் வந்து தரை டிக்கெட்ல உக்காருவோம். இது கேட்டுச்சுன்னா போதும், குதிரை வருதுடான்னு எந்திரிச்சு நிப்போம். மைல்ஸ் துரையில்ல வாசிப்பாரு? ஒரு நா பின்னாடி எட்டிப் பாத்தேன். தொப்பி தெரிஞ்சுது.”

“தொப்பி என் வீட்டுக்காரரோடது. விரல் என்னோடது” என்றேன்.

அவர் கை தொடையிலேயே நின்றுவிட்டது. பிறகு வேலம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஊர் ஆம்பளைங்க எல்லாரும் பாக்க நீங்க...”

“யாரும் பாக்கலைங்க. அதுதான் எனக்கு வருத்தம்.”

உன் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். ரெங்கராஜ் எழுந்து சட்டங்களின் அருகில் போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. “சொல்லி அனுப்புறோங்க” என்று மட்டும் சொல்லிக் கைகூப்பினார். போய்விட்டார்கள்.

கோமதி அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். சந்திரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையன் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தானாம். அதைச் சொல்லிவிட்டு, “மழையை வாசிங்க ஆத்தா” என்றாள். வாசித்தேன்.

நான் செய்தது சரி. ஆனால் அந்தக் குழந்தைக்கு இது தவறிப் போனால் சரியாக இருந்து என்ன பிரயோசனம் என்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அம்மா


சைதாப்பேட்டை,
20-6-1962

அன்பு நிறைந்த அம்மாவுக்கு அழகிரி அநேக வணக்கங்களுடன்.

இங்கே மூவரும் சுகம். மூன்று நாள் முன்பு ஜீயபுரத்திலிருந்து கடிதம் வந்தது. சம்மதமாம். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்கிறார். ரெங்கராஜ் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “எங்கள் அக்கா ஒரு மாதமாக என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வருவாராம், கை நனைக்க மாட்டாராம். இருக்கட்டும். மருதை சொன்னதை நம்பிக் கட்டியிருந்தால் நாளைக்கு எது பொய் எது நிஜம் என்று தேடிக்கொண்டிருப்பேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன வீடு. என் மகனும் வேறு பெண் வேண்டாம் என்கிறான்.”

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், அம்மா. நீங்கள் யோசித்துப் பார் என்றீர்கள். யோசித்தேன். தூக்கத்தில் ஒரு தோளில் சாய்ந்துகொண்டு வருவேன். முதுகில் விரல்கள் தட்டிக்கொண்டே வரும், வேகமாக, நிற்காமல். துரைகள் குழந்தையை இப்படித்தான் தூங்க வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சந்திரா கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படித்தான் தட்டுவேன். கோமதி கேட்டால், இது மைல்ஸ் துரை தட்டு என்பேன்.

போன மாதம் இருபதாம் தேதி எனக்கு லீவு கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

பத்திரிகை அச்சடிக்க வேண்டும். ‘காலஞ்சென்ற காத்தமுத்து அவர்களின் பேத்தி’ என்று போட்டால் போதும் என்று சித்தப்பா சொல்கிறார். உங்கள் அபிப்பிராயம் தெரிய வேண்டும். அந்தத் தாள்கள் சுவரில் இருக்கட்டும்.

அழகிரி


ஸ்ரீரங்கம்,
25-6-1962

சிரஞ்சீவி அழகிரிக்கு ஆசிகள் பல.

கடிதம் கண்டு நிம்மதி. எதிர்வீட்டு மாமிக்குச் சர்க்கரை கொடுத்தேன். “குதிரை ஜெயிச்சுடுத்தா?” என்று கேட்டாள்.

‘சுவரில்’ என்று சரியாக எழுதியிருக்கிறாய்.

பத்திரிகை விஷயம். புருஷன் போனவள் பெயரை மங்கல காரியத்தில் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். எத்தனையோ கல்யாணத்தில் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறேன். ஒரு தடவையும் எதிர்த்துப் பேசியதில்லை. இது என் பேத்தி. திரைக்குப் பின்னால் உட்காருவது போதும். என் பெயர் ஊர் முழுக்க அச்சில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு நாளும் அது என் பெயராக இருந்ததில்லை. ‘காத்தமுத்து – மயிலம்மாள் பேத்தி’ என்று போடு. உன் சித்தப்பாவுக்குச் சம்மதம் இல்லையென்றால் அவரும் வேலம்மாளைப் போல வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகலாம். இலை மிச்சம்.

தாலி கட்டும்போது முன்வரிசையில் நாற்காலி போடச் சொல். முழங்கால் தரையில் உட்கார விடாது.

அம்மா


சைதாப்பேட்டை,
14-7-1962

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடியே போடச் சொல்லிவிட்டேன். சித்தப்பா இரண்டு கடிதம் எழுதினார். பதில் எழுதினேன், என்ன எழுதினேன் என்று அவரே வந்து உங்களிடம் புகார் சொல்லுவார். முதல் வரிசை, நடு நாற்காலி உங்களுக்கு.

மஞ்சள் காகிதத்தில் மாதிரி அச்சு வந்திருக்கிறது. இணைத்திருக்கிறேன். பார்த்து உடனே திருப்பி அனுப்புங்கள். ஆயிரம் பிரதி ஓட்டத் தயாராக அச்சகத்தார் காத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் படித்துவிட்டோம். பிழை எதுவும் இல்லை.

சந்திராவுக்கு உங்களிடம் ஒரு விண்ணப்பம். சீரோடு சீராகக் குதிரையை அவளுக்குத் தர முடியுமா? ஜீயபுரத்து மாமனார் கூடத்தில் ஆணி அடித்துவிட்டாராம்.

அழகிரி


ஸ்ரீரங்கம்,
17-7-1962

சிரஞ்சீவி அழகிரிக்கு ஆசிகள். உடம்பு சுகம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது.

குதிரையைத் தருகிறேன். குங்குமத்தோடு. மற்ற மூன்றும் இங்கேயே இருக்கும்.

மாதிரி அச்சைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று பேர் படித்தும் கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கிறது. ‘மைலம்மாள்’ என்று கோத்திருக்கிறார்கள். அப்பாவின் பெட்டியிலிருந்த நீலப் பென்சிலால் அடித்துத் திருத்தியிருக்கிறேன். அச்சகத்தாரிடம் நீயே நேரில் போய்ச் சொல். ‘மை’ இல்லை. ம, யி. மயிலம்மாள்.

அம்மா